பிரேமகுமாரி விற்கப்போன படங்கள்

என் அண்ணன் பாலையனின் மனைவி பிரேமகுமாரியைத் திருடி என்று யாரும் வாயால் சொல்லவில்லை. நன்றி என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு அது திருடி என்று சொன்னதை விடக் கேவலமாகப் பட்டது. நான் கூடவே இருந்து பார்த்தவன். அதனால் எழுதுகிறேன்.

தனுவச்சபுரத்துக்குக் கிழக்கே ரப்பர் தோட்டத்துச் சரிவில் அவர்கள் வீடு. பழைய ஓட்டு வீடு. அண்ணனுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. மழை பெய்தால் வேலை கிடையாது, வேலை இல்லாத நாளில் வாய் அதிகம். அண்ணன் மனைவி எனக்கு மைனி. மைனி இப்போது இங்கே ஒரு விடுதியில் சமையல் செய்கிறாள். அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருசம் கோட்டுகாலில் ஒரு ஜெர்மன்காரி வீட்டில் இருந்தாள். நெய்யாற்றின்கரைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அந்த ஜெர்மன்காரியை எல்லாரும் மதாம்மா என்றுதான் சொல்வார்கள். தனிக்கட்டை. படம் போடுவது தவிர வேறு தொழில் அறியாதவள்.

மதாம்மா பலகையில் உளியால் செதுக்குவாள். அதில் மை தடவி, மேலே மெல்லிய காகிதத்தை விரித்து, காகிதத்தின் முதுகில் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு இடம் விடாமல் தேய்த்தால்தான் படம் தெளியும். மதாம்மாவுக்குக் கை மூட்டில் வாதம். அதனால் தேய்க்கிற வேலை மைனியிடம் வந்தது. அடுக்களையில் கிடந்த சிரட்டைத்தவியின், கொட்டாங்கச்சி அகப்பையின், முதுகால் தேய்ப்பாள். தேய்த்துவிட்டுப் போய் மீன் கழுவுவாள். ஒரு பலகையில் முப்பது படம் எடுத்தால் அதோடு சரி. பலகையின் குறுக்கே மதாம்மா கோடு கீறிவிடுவாள், பிறகு யாரும் எடுக்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் அடியில் வெள்ளை ஓரத்தில், முப்பதில் இது எத்தனையாவது என்று பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்தும் வைப்பாள். அந்த முப்பதில் ஒன்று மைனிக்கு. சம்பளம் வேறு, இது வேறு.

அப்படி ஏழு மரப்படம் வீட்டுக்கு வந்தது. ஒரு ஓணத்துக்குக் காகிதத்தில் சாயத்தால் வரைந்த படம் ஒன்றும் கொடுத்தாள். செம்மண், வாழைத்தோட்டம், நடுவில் ஒரு கிணறு. அதற்கு வேறு படி கிடையாது, உலகத்தில் அது ஒன்றுதான். பிறகு மதாம்மா ஊருக்குப் போனாள். அங்கேயே செத்தும் போனாள்.

ஏழில் ஐந்தை மைனி உதியன்குளங்கரையில் ஈசாக்கின் கடையில் கண்ணாடி போடக் கொடுத்தாள். ஈசாக் கல்யாண போட்டோவுக்கும் செத்தவர்கள் போட்டோவுக்கும் வேத வசனத்துக்கும் சட்டம் அடிக்கிறவன். படத்தைச் சுற்றி வெள்ளை தெரிந்தால் எங்கள் பக்கத்தில் அது அரைகுறை வேலை.

"அக்கா, அடியில என்னமோ கிறுக்கிக் கெடக்கே. பிள்ளையளுக்க வேலையா?" என்று கேட்டான்.

"மதாம்மா எழுதினதாக்கும்."

"வெட்டிக் களையட்டா? வெள்ளை நின்னா பாக்கியதுக்குக் கொள்ளாது."

"கொள்ளாதெங்கி வெட்டு மக்கா."

வெட்டினான். படங்கள் சுவரில் ஏறின. மற்ற இரண்டு மரப்படமும் கிணற்றுப் படமும் பெட்டியில் கிடந்தன.

போன மழைக்கு முந்திய மழையில் ஓடு ஒழுக ஆரம்பித்தது. சுவர் நனைந்தது, கண்ணாடிக்கு உள்ளே பூசணம் வெள்ளையாகப் புள்ளி போட்டது. மைனி ஒரு முடிவுக்கு வந்தாள். படத்தை விற்று ஓடு மாற்றுவது. வீடும் பிழைக்கும், படமும் நனையாத சுவருக்குப் போய்விடும். திருவனந்தபுரத்தில் படம் விற்கிற ஒரு இடத்துக்கு நான் என் வண்டியில் சாமான் இறக்கியது உண்டு. எட்டுப் படத்தையும் படுக்கை விரிப்பில் சுற்றி வைத்துக்கொண்டு என் குட்டியானை வண்டியில் ஏறினாள்.

அங்கே இருப்பது ஜீனா என்ற பெண். பாறசாலைப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவச் சபைக் குடும்பம், அதனால் எங்கள் பேச்சு அவளுக்கு வரும். பெட்டியில் இருந்த மூன்றையும் பார்த்தவுடன், மதாம்மாவின் கை என்று தெரிந்து எழுந்தே நின்றுவிட்டாள்.

"இது எங்கேந்து கெடச்சுது அம்மா?"

"மதாம்மா தந்தாவ."

"எழுதி எதாவது தந்தினுமா?"

"ஒரு கிண்ணம் மீன்கறி தந்தா எழுதியா தருவாவ?"

ஜீனா சிரித்தாள். கண்ணாடி போட்ட ஐந்தையும் திருப்பிப் பார்த்தபோது சிரிப்பு நின்றது.

"ஐயோ, இத வெட்டினது ஆரு?"

"நான் சொல்லித்தான் வெட்டினான்."

"நம்பரும் ஒப்பும் போச்சே அம்மா. இனி இத முப்பதில ஒண்ணுன்னு ஆரிட்ட சொல்ல? காலண்டரில வெட்டினதுன்னு சொல்லுவினும்."

"நான் தேய்ச்சதாக்கும் மோளே. எனக்கு அறியாதா?"

"ஒங்களுக்கு அறியும். வாங்குறவனுக்கு அறியாண்டாமா?"

ஐந்தையும் திருப்பித் தந்தாள். மூன்றை வைத்துக்கொண்டாள். ஐந்தில் கையெழுத்து இல்லாததால் மற்றதையும் ஆளுகள் சந்தேகப்படுவார்கள், மதாம்மாவின் அக்கா மகன் ஜெர்மனியில் இருக்கிறான், இது அவள் போட்டதுதான் என்று அவன் ஒரு வார்த்தை எழுதினால் நல்ல விலைக்குப் போகும் என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மைனி தலையாட்டினாள்.

கொஞ்ச நாள் கழித்து ஜீனா போன் பண்ணினாள். குரலிலேயே சந்தோசம். இரண்டு பேரும் ஓடினோம்.

அந்த அக்கா மகன் எழுதியிருந்ததை ஜீனா தமிழில் சொன்னாள். படங்கள் மதாம்மா போட்டவைதான். மதாம்மாவுடைய சொத்தெல்லாம் இப்போது அவனுக்கு. வீட்டைக் காலி செய்தபோது இவை விடுபட்டுப் போயிருக்கின்றன. இத்தனை காலம் இவற்றைப் பத்திரமாக வைத்திருந்த சமையல்காரிக்குக் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. படங்களை அனுப்பி வைத்தால், பத்திரமாக வைத்திருந்ததற்காக ஒரு தொகை தருவான்.

"ஓடு மாத்தவும் சுவரு பூசவும் அந்தப் பைசா போரும் அம்மா," என்றாள் ஜீனா. "வித்தாலும் இதுக்கு மேல பெரிசா ஒண்ணும் வராது."

மைனி கேட்டாள்.

"பத்திரமாட்டு வச்சதுக்கா? ஆருக்க சாமானத்த?"

"அது... அவரு அப்படி எழுதியிருக்காரு."

"விடுபட்டுப் போச்சுன்னா? எனக்க கையில தந்ததாக்கும். ஓணத்துக்கு, சோறு தின்னுட்டு எந்திரிச்சு வந்து தந்தாவ."

நான் அண்ணனுக்குப் போன் போட்டு விசயத்தைச் சொல்லி மைனியிடம் கொடுத்தேன். அவர் கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"வாங்கிட்டு வா பிள்ளே! இங்க கட்டிலுக்கு மேல குடை பிடிச்சிட்டாக்கும் கெடக்கியேன்!"

மைனி போனை என் மடியில் போட்டாள். நானும் சொல்லிப் பார்த்தேன். "மைனி, பேரு எதுவா இருந்தா என்ன? பைசா ஒண்ணுதானே. மழை வந்து பேரா கேக்கப்போவுது?"

"மழை கேக்காது. நாளைக்கு விடுதியில கேப்பினும். இந்தப் பைசாய வாங்கினா, மதாம்மா வீட்டு சாமானத்த இத்தரை காலம் ஒளிச்சு வச்சவளாக்கும் நான். இப்ப திருப்பிக் குடுத்த நல்லவ. பின்ன எவ என்னை அடுக்களையில விடுவா? ஒருத்தியும் கேக்காட்டாலும் எனக்கு நானே என்ன சொல்ல?" பிறகு ஜீனாவிடம் திரும்பினாள். "அவனுக்கு வேணுமெங்கி விலைக்கு வாங்கட்டு. தாறேன்னு சொன்ன அதே பைசா போரும். பிரேமகுமாரிட்ட வாங்கினதுன்னு எழுதித் தரணும்."

ஜீனா நல்ல பெண், சும்மா சொல்லக்கூடாது. அப்போதே அவனைப் போனில் கூப்பிட்டு இங்கிலீஷில் நெடுநேரம் மன்றாடினாள். மைனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீனாவின் முகம் சுருங்கச் சுருங்க மைனி முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அவருக்க சொத்த அவரே எப்படி விலைக்கு வாங்கன்னு கேக்காரு," என்றாள் ஜீனா. "தரமாட்டோம்னு சொன்னா வக்கீல வைப்பாராம். அதுவர படம் இங்கயே இருக்கட்டும்னு..."

"இங்கயா? அதெதுக்கு?"

மைனி எழுந்தாள். மேசையில் கிடந்த மூன்றையும் எடுத்து விரிப்பில் சுற்றினாள். ஜீனா கையை நீட்டினாள், பிடிக்கவில்லை.

"அம்மா, எனக்குப் பிரச்சனை வரும்."

"எனக்க பேரையும் ஊரையும் சொல்லிக் குடு மோளே. வீட்டிலதான் இருப்பேன்."

 திரும்பும் வழியில் மைனி அமரவிளையில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கினாள். அதைத்தான் நானும் அண்ணனும் ஓட்டுக்கு மேல் இழுத்துக் கட்டினோம். அண்ணன் கயிறு கட்டும்போது, கீழே நின்ற மைனிக்குக் கேட்கட்டும் என்று, அவளைப் பெரிய வீட்டு எசமானியாக்கி என்னிடம் சத்தம் போட்டார். "எலே, நல்லா இறுக்கிக் கெட்டு. கொச்சம்மைக்க படமெல்லாம் நனையப்பிடாது. மனுசன் நனையலாம்."

தார்ப்பாய் ஒரு காற்றுக்குத்தான் தாங்கியது. வக்கீல் நோட்டீஸ் இதுவரை வரவில்லை. வராது என்றும் யாரும் சொல்லவில்லை. போஸ்ட்மேன் வண்டிச் சத்தம் சரிவில் கேட்டால் மைனி கையிலுள்ள வேலையை நிறுத்திவிடுவாள். வண்டி தாண்டிப்போன பிறகுதான் மறுபடி கை ஓடும்.

இந்த ஆடி மாதக் கர்க்கடக மழை விட்ட ஒரு நாள் அவள் பெட்டியைத் திறந்தாள். மரப்படம் இரண்டும் தப்பியிருந்தன. கிணற்றுப் படம் போய்விட்டது. செம்மண் இருந்த இடம் முழுக்கப் பச்சையாகப் பூத்து, தொட்டால் விரலில் ஒட்டியது. நான் தேங்காய் இறக்க வந்தவன், வாசலில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். பிறகு முற்றத்து மூலையில் சருகு எரிகிற இடத்துக்குப் போனாள்.

அண்ணன் பதறிக்கொண்டு வந்தார். "களையாத பிள்ளே! நாளைக்கு அவன் ஆளு வந்து கேட்டா என்ன சொல்லுவ? அவனுக்க சாமானத்த எரிச்சேன்னு கேசு வரும்."

மைனி திரும்பி அவரைப் பார்த்தாள். அதுவரை அவ்வளவு கோபமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

"ஆருக்க சாமானம்? எனக்க சாமானமாக்கும். கெட்டுப்போனா நானே களைவேன்."

தீயில் போட்டாள். காகிதம் ஈரமாக இருந்ததால் லேசில் பிடிக்கவில்லை, புகைந்தது. ஒரு கம்பை எடுத்து, அது முழுக்க எரியும் வரை அங்கேயே நின்று தள்ளிக்கொடுத்தாள்.