பிள்ளைக்கு வைத்த எண்ணெய்

இந்த வாரம் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பி ராசிபலனுக்குப் போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை நோர்வூட் பக்கம் போயிருந்தேன். என் சின்னம்மா மகள் கலாவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது. கலா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். பிரசவ லீவு முடிந்து மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முன் ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல் நடந்துகொண்டிருந்தது. கலாவின் மாமியார் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். காலின் மேல் மகாராணி படுத்திருந்தாள். இளஞ்சூட்டில் தேங்காய் எண்ணெய். உச்சந்தலைக்கு ஒரு தடவல், மூக்குக்கு ஒரு இழுப்பு, பிறகு சாம்பிராணிப் புகை... பக்கத்து லயத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் கூடி நின்று கொஞ்சினார்கள். நானும்தான் கொஞ்சினேன்.

வெந்நீர் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தது யார்? பிள்ளையைப் பெற்றவள்தான். தலையில் இறுக்கிக் கட்டிய துணி. அதற்குக் கீழே சடை என்று சொல்ல முடியாத ஒரு சிக்கு.

குளியல் முடிந்து கூட்டம் கலைந்தது. கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம். கலா விரலால் அதைத் தொட்டு, துணியை விலக்கி, தன் உச்சியில் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

"புள்ளைக்கி வச்ச எண்ணெய எடுத்துத் தலையில தடவுறியே! பெத்தவளுக்கு என்னாடி இப்ப மினுக்கு?" என்றார் மாமியார்.

கலா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "என்ன கலா, தலை வலிக்குதா?"

"ஒரு வாரமா விண்ணு விண்ணுனு தெறிக்குதுக்கா. முடி வேற கொத்துக் கொத்தா வருது. சீவ நேரமில்ல."

"அதுக்குத்தான் இன்னைக்கி வெட்டிருவோம்னு சொல்றேன்," என்றார் மாமியார். "நாளைக்கி மலைக்கிக் கொழுந்தெடுக்கப் போகணும். கூடைக்கயிறு உச்சியில விழுந்தா அந்த எடத்துல முடி எப்படியும் போயிரும். இருந்து என்னா பண்ண? கழுத்தோட வெட்டிட்டா சிக்கு எடுக்குற வேலையாச்சும் மிச்சம்."

கத்தரிக்கோல் ஏற்கெனவே ஜன்னல் ஓரத்தில் இருந்தது. இடுப்பு வரைக்கும் இருக்கிற முடி. அதை ஒரு பழைய சாக்கை வெட்டுவது மாதிரி பேசுகிறார்கள். "ஒனக்குச் சம்மதமா?" என்று கலாவிடம் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள்.

வந்ததே எனக்குக் கோபம்!

"கலா, இங்க வந்து உக்காரு. சிவா, புள்ளையத் தூக்கு."

சிவா அவள் புருஷன். டவுனில் த்ரீவீலர் ஓட்டுகிறான். அதுவரை மூலையில் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத் தூக்கத் தெரியாதுங்கக்கா. அழுவும்."

"அழுதா அழட்டும். மூணு மாசமா அப்பனா இருக்க, இன்னுமா தெரியல?"

தூக்கினான். பிள்ளை அழவில்லை. அவன்தான் அழுகிற மாதிரி நின்றான்.

எண்ணெயை மறுபடி காய்ச்சினேன். கலாவை முன்னால் உட்காரவைத்து, நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டு மேலே வந்தேன். பிறகு உச்சி, நெற்றிப்பொட்டு, பிடரி என்று விரல் நுனியால் மெல்லத் தேய்த்தேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள்!

"வலிக்குதாடி?"

"இல்லக்கா... புள்ள பொறந்ததுல இருந்து யாருமே என்னையத் தொடல. எல்லாரும் புள்ளையத்தான் வாங்குறாங்க, குடுக்குறாங்க."

பார்க்க வருகிறவர்கள் பேபி சோப்பும் பேபி பவுடரும் கொண்டுவருகிறார்கள். "பால் இருக்கா?" என்று கேட்கிறார்கள். "நீ தூங்கினியா?" என்று ஒரு ஜீவன் கேட்டதுண்டா? பால் தருகிற மாட்டைக்கூட மாட்டுப் பொங்கலன்று குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம். பெற்றவளுக்கு அந்த ஒரு நாள்கூடக் கிடையாது. ஆனால் அன்னையர் தினம் வந்தால் பேஸ்புக்கில் 'தாயே தெய்வம்' என்று போடுவோம். சிவாவும் போட்டிருந்தான் — நான் பார்த்தேன்!

உடனே சிலர் கேட்பீர்கள், எண்ணெய் தேய்த்தால் முடி கொட்டுவது நிற்குமா என்று. நிற்காது. பிள்ளை பெற்ற சில மாதங்களில் முடி கொட்டுவதும், பிறகு முளைப்பதும் வழக்கம்தான். தலைவலி விடாமல் இருந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும். கலாவையும் போகச் சொல்லியிருக்கிறேன். நான் முடிக்கு வைத்தியம் சொல்லவில்லை. அந்தத் தலைக்குக் கீழே ஒரு மனுஷி இருக்கிறாள் என்கிறேன்.

மாமியார் சும்மா இருக்கவில்லை. தன் தலைத்துணியை அவிழ்த்துக் குனிந்து காட்டினார். உச்சியில் வருஷக்கணக்காகக் கூடைக்கயிறு அழுத்திய இடம் ஒரு பட்டையாக வழுக்கை. "எனக்கு யாரு தேச்சு விட்டா?" என்றார்.

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. "ஒங்களுக்கு யாரும் செய்யாதது அநியாயந்தான் அத்தை. அந்த அநியாயத்த மருமகளுக்குச் சீதனமாக் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கலா என் முழங்காலில் தலையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். எனக்குக் கால் மரத்துவிட்டது. ஆனாலும் அசையவில்லை. அவள் எழுந்ததும் இறுக்கமாக ஒரு சடை பின்னிவிட்டு பஸ் ஏறினேன். கத்தரிக்கோலை என் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டுத்தான். இருக்கட்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணினேன்.

"முடி இருக்குக்கா. ஆனா கயிறு விழுந்த எடம் இன்னைக்கி நெருப்பா எரிஞ்சிச்சி."

"சிவாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். 'தேச்சு விடவா'ன்னு கேட்டாரு. 'ஆமா'ன்னேன்."

"அப்புறம்?"

"அம்மாவக் கூப்பிட்டாரு."

பல்லைக் கடித்தேன். "வந்தாங்களா?"

"வந்தாங்க. எண்ணெய அவரு உள்ளங்கையிலயே ஊத்திட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க."

வழிகிற எண்ணெயோடு ஒருவனால் எவ்வளவு நேரம்தான் நிற்க முடியும்?