விமானப் பிரியர் ஏன் பறவையைக் கேட்டார்?

கொரோனா மூன்றாவது அலை தொடங்கி, ஞாயிறு முழு ஊரடங்கு என்று அறிவித்திருந்த நேரம். மார்கழி முடிய ஒரு வாரம்கூட இல்லை. அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் நானும் என் நாத்தனார் கலாவும் காஞ்சிபுரத்திலிருந்து தென்னேரிக்கு ஸ்கூட்டரில் போனோம். போனதற்குக் காரணம் இரண்டு. நாலு இன்ஜின் சரக்கு விமானம் ஒன்று ஏழு மணி வாக்கில் அந்த ஏரிக்கு மேலாகச் சென்னைக்கு இறங்கப்போகிறது என்று தகவல். அந்தத் தகவலைக் கொடுத்த ஆள் யோக்கியமானவர்தானா என்பதும் எங்களுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

விமானம் பார்ப்பதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். வெட்டவெளியில் நிற்கலாம், பக்கத்தில் வந்து யாரும் தும்மமாட்டார்கள். நான் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். முதல் ஊரடங்கில் வகுப்பெல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. முகம் காட்டாத மாணவர்களிடம் பேசிப் பேசி மண்டை காய்ந்து, சாயங்காலம் மாடிக்குப் போனால் வானத்தில் ஒன்றுமே இல்லை. எங்கள் தலைக்கு மேல் இத்தனை விமானங்கள் போய்க்கொண்டிருந்தன என்பதே அவை நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பப் பறக்கத் தொடங்கியபோது முதலில் பயம்தான். எங்கிருந்து வருகிறது, உள்ளே யார், அவர்களோடு சேர்ந்து வேறென்ன வருகிறது என்று. அப்புறம் வாலின் நிறம், இறக்கையின் வளைவு, இன்ஜின் எத்தனை என்று பார்க்க ஆரம்பித்து, பயம் போய்ப் பைத்தியம் பிடித்துவிட்டது.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். கை நீட்டினால் அடுத்த மாடியைத் தொடலாம், வீட்டுக்கு வீடு தறி. அங்கே ஒருத்தி பைனாகுலரோடு மாடியில் நின்றால் தெருக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? புது பார்டர் டிசைனைத் திருடுகிறாள் என்றுதான். எதிர்வீட்டுக்காரர் தன் தறி தெரியும் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி வந்து, “ஏம்மா, உன் நாத்தனாருக்கு டிசைன் வேணும்னா வாயத் தொறந்து கேக்குறது தானே? இன்னாத்துக்குக் கண்ணாடி வெச்சிக்கினு பாக்குற?” என்று கேட்டார். கலா பட்டு நெய்கிறவள், ரோஷக்காரி. “இவங்க டிசைனு எனக்கா!” என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டோடு பேச்சு நின்றது. என் மாடி வேடிக்கையும் நின்றது.

அதன்பிறகுதான் ஊருக்கு வெளியே ஏரிகளைத் தேடினேன். மேற்கே தாமல் ஏரிக்குப் போய்ப் பார்த்தேன். அழகான இடம், ஆனால் விமானங்கள் உயரத்திலேயே போய்விடுகின்றன. கிழக்கே தென்னேரி வேறு மாதிரி. கடல் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிற நாட்களில், சென்னையில் இறங்கும் விமானங்கள் இந்தப் பக்கம் வந்து தாழ்ந்து வரிசை பிடிக்கும். சக்கரம் வெளியே வந்திருக்காது. ஆனாலும் உடம்பில் எழுதியிருப்பதை ஒரு சுமாரான லென்ஸ் வைத்தே படித்துவிடலாம்.

விமானப் பைத்தியங்கள் எங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. சாதாரண உள்நாட்டு விமானத்தின் படத்தைப் போட்டாலே பத்துப் பேர் அதன் வயதைப் பற்றிச் சண்டை போடுவார்கள். நாலு இன்ஜின் ஜம்போ என்றால் கேட்கவே வேண்டாம். அதெல்லாம் குறைந்துகொண்டே வருகிறது, பார்த்தவனைப் பார்த்தாலே பொறாமைப்படுவோம். அந்தக் குழுவில் ‘வான்நேசன்’ என்ற பெயரில் ஒருவர் சேர்ந்தார். குழுவில் வாயே திறக்கமாட்டார், எனக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்புவார். தென்னேரிக்குப் போனீர்களா? காலையில் எத்தனை பறவைகள், எந்தக் கரையிலிருந்து கிளம்பின? எவ்வளவு உயரம் எழும்பின? காற்று எப்படி? பறவையும் விமானமும் சேர்ந்த மாதிரி ஒரு படம் எடுக்க ஆசை என்று காரணம் சொன்னார். நானும் ஒழுங்கான மாணவி மாதிரி மூன்று மாதம் பதில் அனுப்பினேன். எண்ணிக்கையில் ஒன்று கூட்டிச் சொன்னதில்லை, ஒன்று குறைத்ததும் இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் மரியாதை என்பதே அதுதான்.

கலாவுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

“மூணு மாசமா தனியா மெசேஜு அனுப்பிக்கினு இருக்குறான். ஒரு தடவ கூட சாப்டீங்களான்னு கேக்கல. இவன் இன்னா ஆளு அண்ணி?” என்றாள்.

“வழியாத ஆம்பளைன்னு சந்தோஷப்படேன்டி.”

“வழிஞ்சா இன்னாத்துக்கு வர்றான்னு தெரியும். இவன் இன்னாத்துக்கு வர்றான்னே தெரியலயே!”

சிரித்தேனே தவிர, அது மனதுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்த வாரம் வான்நேசனே, சனிக்கிழமை ஜம்போ வருகிறது, ஏரியும் தெரிகிற மாதிரி எடுங்கள் என்று எழுதினார். கலாவின் தறியில் அன்று புதுப் பாவு நூல் பிணைக்க ஆள் வருவதாக இருந்ததால் அவளுக்கு வேலை இல்லை. “நானும் வர்றேன். அவன் அங்க வந்து நின்னான்னா நாலு வார்த்த கேக்கணும்” என்று கிளம்பிவிட்டாள்.

ஐந்து நாற்பதுக்குப் புறப்பட்டோம். நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டர் பெட்ரோல்கூட முழுசாகக் கிடைக்காத காலம், ஆனால் ஸ்கூட்டருக்குப் போக வர ஒரு லிட்டர் தாராளம். வாலாஜாபாத் வரை பனி. முகக்கவசத்துக்குள் விட்ட மூச்சு மூக்குக்கண்ணாடியில் படிந்து, பாதி வழி குத்துமதிப்பாகத்தான் ஓட்டினேன். வாலாஜாபாத்தில் காகிதக் கப்பில் டீ, ஒன்று பன்னிரண்டு ரூபாய். கடைக்காரர் என் கேமரா ஸ்டாண்டை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாமா, சர்வேவா?”

“இல்லண்ணா, போட்டோ.”

“ம்ம்” என்றார். அந்த ‘ம்ம்’மில் நம்பிக்கை துளிகூட இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரர் இருமினார். கலா டீயோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று குடித்தாள்.

அங்கிருந்து தென்னேரி ஆறேழு கிலோமீட்டர். எங்கள் வீட்டிலிருந்து வண்டி மீட்டர்படி மொத்தம் இருபத்திரண்டு. ஆறே முக்காலுக்குக் கரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டை விரித்துக் கேமராவை மாட்டினேன். வான்நேசன் மாதிரி யாரும் தென்படவில்லை. அதற்குள் பின்னால் சாவியை உருவும் சத்தம் கேட்டது. துண்டை மூக்கு வரை சுற்றிக்கொண்டு, நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெண், கால் முழுக்கச் சேறு, கையில் எங்கள் ஸ்கூட்டர் சாவி.

“எந்த ஆபீஸு?” என்றாள்.

“ஆபீஸெல்லாம் இல்லீங்க. விமானம் பாக்க வந்தோம்.”

“ஏரியில இன்னா விமானம்? என் மூஞ்சில இன்னா எழுதிருக்குது?”

கலா பாய்ந்தாள். “யம்மா, மரியாதயா சாவியக் குடு! பொம்பளைங்க வண்டியில கை வெக்கிற?”

“ஆம்பள வந்திருந்தா வண்டியே ஏரிக்குள்ள போயிருக்கும்” என்றாள் அந்தப் பெண். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. நவரைப் பட்ட நெல்லுக்கு நாற்று விட்டிருக்கிறாளாம். “எனக்கு இந்த ஏரித் தண்ணியில ஒண்ணே கால் ஏக்கரு. அத வுட்டா எனக்கும் எம் புள்ளைக்கும் வேற நாதி கெடையாது. ஏர்போர்ட்டு வருது, ஏர்போர்ட்டு வருதுன்னு ஊரு பூரா பேச்சா இருக்குது. நீங்க மூணு கால வெச்சிக்கினு அளக்குறீங்க. நாலு பேரு வர்ற வரைக்கும் சாவி எங்கிட்டயே இருக்கட்டும்.”

எனக்கு வந்த கோபத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எங்களை இப்படி நினைத்துவிட்டாளே என்ற ரோஷம். நான் சும்மா வேடிக்கை பார்க்கிறவள் இல்லை, விமானம் எந்த உயரத்தில் வரும், காற்று எப்படி அடிக்கும், பறவை எந்தப் பக்கம் எழும்பும் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று பெருமையாகச் சொன்னேன். அஞ்சலை துண்டை மூக்கிலிருந்து இறக்கினாள்.

“பறவைய எண்ணுனியா?”

“ஆமாம்.”

“ஆருக்கு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். கொரோனாவுக்கு முன்னால் ஒருத்தன் பறவை ஆராய்ச்சி என்று வந்தானாம். கரை கரையாக நின்று எண்ணினானாம், இவள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்தானாம். அவன் போன கொஞ்ச நாளில் ஏர்போர்ட் பேச்சு கிளம்பியதாம். “பிளேனு எறங்குற பக்கம் பறவ இருந்தா எஞ்சினுல பூந்துருமாமே. எம் புள்ள செல்லுல பாத்துச் சொன்னான். அதான் மொதல்ல பறவைய எண்ணுவானுங்களாம்.”

மோர் குடித்தவனுக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் தனித்தனியாக இருக்கலாம். ஆனால் மூன்று மாதமாக நான் அனுப்பிய எண்ணிக்கைகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. கலா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். “அண்ணி, அந்த மெசேஜு ஆளு…” என்றாள்.

ஏழு ஐந்துக்கு இரைச்சல் கேட்டது. சந்தேகம், சாவி எல்லாம் மறந்து மூன்று பேரும் நிமிர்ந்தோம். பனிக்கு மேலே முதலில் விளக்குகள் தெரிந்தன, அப்புறம் முன்பக்கம் கூனல் போட்ட அந்த உடம்பு, நாலு இன்ஜின், வயிற்றில் காலை வெயில். “ஏ யப்பா, இன்னா பெருசு!” என்று அஞ்சலையே வாயைப் பிளந்தாள். மளமளவென்று எடுத்துத் தள்ளினேன். அதில் ஒரு படம் அப்படியே விழுந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களிலேயே அதுதான் உசத்தி. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம்?

அங்கேயே நின்று படத்தைப் போனுக்கு மாற்றிக் குழுவில் போட்டேன். குழு கொதித்தது. “அக்கா, காலக் காட்டுங்க, கும்புடுறேன்” என்றான் ஒரு பையன். ஓய்வு பெற்ற ஒருவர் குரல் செய்தி மேல் குரல் செய்தியாக அனுப்பினார். ஒன்றிலும் வார்த்தை இல்லை, ஐயோ ஐயோ என்பதுதான். அதே படத்தை ஒரு வார்த்தையும் எழுதாமல் வான்நேசனுக்குத் தனியாக அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீல டிக் வந்தது. பதிலும் வந்தது.

‘அருமை. தெற்குக் கரையில் பறவைகள் இருந்தனவா? ஏரியில் தண்ணீர் எந்த அளவு?’

கலா எட்டிப் பார்த்துப் படித்தாள். “இவன் விமானத்தப் பாக்கவே இல்ல அண்ணி” என்றாள்.

அவ்வளவுதான். விமானத்தின் மேல் துளி ஆசை இருக்கிற எவனும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் அளவு கேட்கமாட்டான். மூன்று மாதம் நான் யாருக்கோ கூலி வாங்காமல் வேலை பார்த்திருக்கிறேன். அஞ்சலைக்கு அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

“நெறைய இருக்குதுன்னு போடு. ஆகாசம் தெரியாத அளவுக்கு இருக்குதுன்னு போடு” என்றாள்.

“பொய் சொல்ல மாட்டேங்க” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

பொய்க்குப் பதிலாக, ‘இது எந்த ரக ஜம்போ என்று முதலில் சொல்லுங்கள் சார்’ என்று எழுதினேன். அவர் எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பதில் வரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய முகப்புப் படம் மறைந்தது. மதியத்துக்குள் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். அவர் வெறும் பறவைப் பிரியராகவே இருக்கலாம், நான் கேட்ட தொனியில் பயந்திருக்கலாம். இருந்தாலும் என் மனது ஆறவில்லை. அனுப்பிய எதையும் திரும்ப வாங்க முடியாது, அந்த ஒன்றே கால் ஏக்கருக்கு அதனால் என்ன வருமோ எனக்குத் தெரியாது.

அஞ்சலை சாவியை என்னிடம் தரவில்லை. கலாவின் கையில் கொடுத்துவிட்டு நாற்றங்காலுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

இனி நீங்கள் போவதாக இருந்தால்: காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், ஏறுவெயிலில் படம் வெளுத்துவிடும். தண்ணீர், தொப்பி, முகக்கவசம் கொண்டுபோங்கள். கரையில் கடை எதுவும் இல்லை, டீயை வாலாஜாபாத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டை விரிக்கும் முன் பக்கத்தில் வயலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எடுத்த படத்தில் லொகேஷன் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டு போகாதபடி போனில் அணைத்துவையுங்கள். முன்பின் தெரியாதவர் தனியாக விவரம் கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

கவனித்திருப்பீர்கள். பெட்ரோல், டீ, தூரம், நேரம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். நான் எந்தக் கரையில் நின்றேன், தண்ணீர் எவ்வளவு கிடந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. படிக்கிறவர்களில் அவரும் இருக்கலாம். பின்னூட்டத்தில் அதைக் கேட்பவர்கள், என் படத்தில் இருப்பது எந்த ரக ஜம்போ என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். சாப்டீங்களா என்றும் கேட்க வேண்டும் என்கிறாள் கலா.

பறவை எத்தனை என்று கேட்பவர்களுக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். நிறைய இருக்கிறது. ஆகாசம் தெரியாத அளவுக்கு இருக்கிறது.