குமட்டலாக வந்த பதில்

அம்பகரத்தூர் அம்மனை நம்பி வாழும் எல்லோருக்கும் மண்டபத்தூர் கலாவதி எழுதுகிறேன். அம்மனிடம் வேண்டினேன், பதில் கிடைத்தது என்று பலரும் எழுதுவதைப் படித்திருக்கிறேன். கனவில் வந்தாள் என்பார்கள், பல்லி சொன்னது என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. எனக்கு வாந்தி வந்தது. ஒரு ஏ.சி. அறையில், கண்ணாடி மேஜை மேல், இரண்டு பேர் பார்க்க வாந்தி எடுத்தேன். அதுதான் அம்மன் கொடுத்த பதில் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. விலங்கியல் படித்தவள். கல்யாணமாகி வந்த நாள் முதல் காரைக்காலில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை செய்தேன். செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், கெட்டதை ஒதுக்க வேண்டும். அருவருப்புப் படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று என் வீட்டுக்காரர் செல்வமணி கிண்டல் செய்வார். அவர் கடலுக்குப் போகிறவர். எங்களுக்கு ஒரே மகள், காரைக்காலிலேயே கல்லூரியில் படிக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன், தை மாதத்தில், கம்பெனிக்கு ஒரு புது மேனேஜர் வந்தான். வெளிநாட்டில் படித்தவன். மகள் வயதை விடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். அழுகத் தொடங்கிய இறாலை நான் ஒதுக்கியபோது, மூக்கு எல்லாம் ஆதாரம் ஆகாது மேடம் என்றான். அந்த இறால் பெட்டிக்குள் போனது. என்னைப் பெட்டி அடுக்கும் பக்கம் மாற்றினார்கள். அந்த நாற்றத்தை யாரோ ஒரு ஊரில் யாரோ ஒரு பிள்ளை சாப்பிடும் என்று நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் பேச்சு எடுபடக் காரணம் அவன் படிப்பு. சரி, அதையே நானும் படித்துவிட்டு வருகிறேன் என்று முடிவு செய்தேன்.

தெருவில் சிரித்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் இவள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாளாம் என்றார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. ஆங்கிலத் தேர்வு எழுதினேன். மகளும் நானும் போனில் தேடித் தேடி ஆஸ்திரேலியாவின் தெற்கே ஒரு சின்னத் துறைமுக ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தைக் கண்டுபிடித்தோம். கடல் உணவு கெடாமல் காப்பது பற்றிய படிப்பு. வேலை பார்த்த அனுபவத்தையும் கணக்கில் எடுப்போம் என்று எழுதியிருந்தார்கள். விண்ணப்பித்தேன். இடம் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது.

அப்போதுதான் என் அக்கா சரோஜா நடுவில் வந்தாள். கீழவாஞ்சூரில் இருக்கிறாள். தனியாகப் போய் மாட்டிக்கொள்ளாதே, எனக்குத் தெரிந்த ஏஜெண்டு இருக்கிறான் என்று கையோடு கூட்டிப்போனாள். அந்த ஆளின் ஆபீஸில் நுழைந்ததும் ஆளுயர அம்மன் படம், சுற்றிலும் ஓடுகிற விளக்கு. நெற்றியில் இவ்வளவு பெரிய குங்குமம். வாயைத் திறந்தால் அம்மன் புண்ணியத்துல என்றுதான் தொடங்குவான். எனக்கு அப்போதே என்னவோ போல் இருந்தது. நம் அம்மனைக் கும்பிடுகிறவனைத் தப்பாக நினைக்கலாமா என்று நானே என்னை அடக்கிக்கொண்டேன்.

நான் தேடிய பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அங்கே ஆடுதான் மேயும் மேடம் என்றான். படிப்பை விட்டு இத்தனை வருடம் ஆனவர்களுக்குப் பெரிய நகரத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது, அதில்தான் கேள்வி கேட்காமல் எடுப்பார்கள் என்றான். மீனே வேண்டாம், மேனேஜ்மெண்ட் எடுங்கள் என்றான். பாஸ்போர்ட்டை அவன் மூலமாகத்தான் எடுத்தோம். உங்கள் கல்யாணம் பதிவாகவில்லையே, கணவர் பெயரைப் போட்டால் இழுபறியாகும், அப்பா பெயர் போதும் என்றான். எங்கள் பக்கம் பலருக்குக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு ஆபீஸ் பக்கம் போவதில்லை. அதனால் அதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பாஸ்போர்ட், சான்றிதழ்கள் எல்லாம் அவனிடமே இருந்தன. பட்டுப்புடவையில் படம் வேண்டும் என்றான், அதையும் எடுத்துக் கொடுத்தேன்.

எந்த இடத்துக்குப் போவது என்று எனக்குக் குழப்பம். ஒரே ஒரு முறைதான் போக முடியும். இந்த வயதில் தப்பான இடத்தில் போய் விழுந்தால் எழுந்து வர இன்னொரு வயது கிடைக்காது. அக்கா, அம்மனிடமே கேட்டுவிடலாம், பூ கட்டிப் போட்டுப் பார்ப்போம் என்றாள். நம் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் நான் தேடிய இடம், சிவப்பு வந்தால் ஏஜெண்டு சொன்ன இடம். அக்காதான் வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்தாள். சந்நிதியில் வைத்துக் கும்பிட்டோம். அங்கே வந்திருந்த ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னோம். பிரித்தால் சிவப்பு அரளி.

நான் அழுதேன். ஆனால் பூ சொன்ன பிறகு வாதாடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மீதிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, தோஷம் என்று அக்கா சொன்னாள். அதை அப்படியே கொண்டுவந்து சாமி மாடத்தில் வைத்தேன். தெற்கே இருந்த பல்கலைக்கழகத்துக்கு, நான் வரவில்லை என்று எழுதிப் போட்டேன்.

சித்திரையில் ஒரு நாள், கையெழுத்துப் போட வாருங்கள் என்று ஏஜெண்டு கூப்பிட்டான். அக்காவும் வந்தாள். மேஜை மேல் என் ஃபைல் திறந்திருந்தது. உள்ளே ஒரு கல்யாணப் படம். பட்டுப்புடவையில் நான், கழுத்தில் மாலை. பக்கத்தில் மாலையோடு கார்த்தி. யார் இந்தக் கார்த்தி? அக்கா வீட்டுக்காரரின் தம்பி மகன், துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். பேச்சு வந்த நாளிலிருந்து என்னைச் சித்தி என்று கூப்பிடுகிற பிள்ளை. சளி ஒழுகினால் என் முந்தானையில் துடைத்துவிட்டிருக்கிறேன். அவனை எனக்குப் புருஷனாக்கி வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் வேண்டாம் என்றது இதற்குத்தான். நான் படிக்கப் போவேனாம், என் கணவன் என்ற பெயரில் அவன் கூட வந்து வேலை பார்ப்பானாம், அவன் வீட்டார் என் ஃபீஸைக் கட்டுவார்களாம். படத்தில் எங்களுக்குப் பின்னால் என்ன இருந்தது தெரியுமா? நம் அம்மன் கோயில் வாசல். வெட்டி ஒட்டியிருக்கிறான்.

வயிற்றிலிருந்து அப்படியே வந்துவிட்டது. அந்தக் கண்ணாடி மேஜை முழுக்க வாந்தி எடுத்தேன்.

ஏஜெண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஃபைலைத்தான் முதலில் தூக்கினான். என் அக்கா, கூடப் பிறந்தவள், என் வாயைத் துடைக்கவில்லை. மேஜையைத் துடைத்தாள். "இதுக்கு ஏன்டி இப்படிப் பண்றே? காகிதத்துல மட்டும்தானே. நம்ம ஊருல பிரான்சு பாஸ்போர்ட்டுக்காக எத்தனை பேரு தாலி கட்டிக்கிட்டாங்க, யாருக்கு என்ன ஆயிடுச்சு?" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அழுகின இறாலைப் பெட்டியில் போட்டவன் முகமும் இப்படித்தான் இருந்தது.

பாஸ்போர்ட்டைக் கேட்டேன். வேலை பாதி நடந்துவிட்டது, இப்போது தர முடியாது என்றான். என் பெயர், என் படிப்பு, என் முகம் எல்லாம் அவன் பீரோவுக்குள் இருந்தன. அவற்றை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்வான். வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. அம்பகரத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

அம்மன் முன்னால் நான் கும்பிடவில்லை. திட்டினேன். உன் வாசலையே வெட்டி ஒட்டியிருக்கிறான், நீ பார்த்துக்கொண்டா இருந்தாய்? பூவைச் சிவப்பாகக் கொடுத்து இந்தச் சாக்கடையிலா என்னைத் தள்ளினாய்? படிப்பு வேண்டாம், ஒன்றும் வேண்டாம், என் பெயரை மட்டும் சுத்தமாகத் திருப்பிக் கொடு. இதுதான் என் பிரார்த்தனை. அழுகை கூட வரவில்லை, குமட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாமி மாடத்தைப் பார்த்தேன். பிரிக்காத பொட்டலம் அங்கேயே கிடந்தது. தோஷம் வந்தால் வரட்டும், இதற்கு மேல் என்ன தோஷம் என்று பிய்த்துப் போட்டேன். உள்ளே காய்ந்துபோன சிவப்பு அரளி. அதிலும் சிவப்பு. எந்தக் குழந்தை எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான் வந்திருக்கும்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் மறுக்கவே இல்லை. "அம்மன் நல்லதைத்தான் சொல்லப் போறா. நான் கொஞ்சம் ஒத்தாசை பண்ணேன், அவ்வளவுதான்" என்றாள். அம்மனுக்கே ஒத்தாசை. போனை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆனால் அந்த அருவருப்புக்குள்ளேயே எனக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. பூ சொன்னது அக்கா சொன்னது. அம்மன் இன்னும் பூவில் பேசவே இல்லை. அவள் பேசியது அந்த மேஜை முன்னால், என் வயிற்றில்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. குளிக்கக்கூட இல்லை, மீன் கவிச்சியோடு அப்படியே கிளம்பினார். நானும் போனேன். ஏஜெண்டு எழுந்து நின்று, அண்ணே, இதெல்லாம் சகஜம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை என்று தொடங்கினான். இவர் அந்தக் கல்யாணப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நிதானமாகத்தான் பேசினார்.

"இதுல இருக்குற வாசலுக்கு இப்ப என்கூட வா தம்பி. அங்க நின்னு சகஜம்னு சொல்லு. நீ சொல்லிட்டா நானே இவளைக் கையெழுத்துப் போடச் சொல்றேன்."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மன் படத்தைச் சுற்றி அந்த விளக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பக்தி வேஷம் என்று நினைத்திருந்தேன். வேஷத்துக்குள் கொஞ்சம் பயமும் இருந்திருக்கிறது, அந்த மட்டுக்கும் நல்லது. பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் எடுத்து வைத்தான். படத்தையும் கொடுத்தான், கம்ப்யூட்டரில் இருந்ததை எங்கள் கண் முன்னால் அழித்தான். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

வெளியே வந்ததும் இவர் சொன்னார்: "நீ தேடின எடத்துக்கே போ. நான் இங்க தனியா இருந்துக்கறேன். நான் வரலைன்னாலும் பரவாயில்ல, உன் காகிதத்துல என் பேருதான் இருக்கணும்." போகிற வழியிலேயே கல்யாணப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்தோம். மகள் கல்லூரியில் படிக்கும்போது அம்மாவும் அப்பாவும் கல்யாணத்தைப் பதிவு செய்த கூத்து எங்கள் வீட்டில்தான் நடந்தது. கணவர் பெயரோடு பாஸ்போர்ட்டையும் மாற்றினோம்.

தெற்கே இருந்த இடம் போனது போனதுதான் என்று நினைத்தேன். இருந்தாலும் நடந்ததை மறைக்காமல் எழுதினேன். அங்கே பாடம் நடத்துகிற ஒரு பேராசிரியை வீடியோவில் பேச வேண்டும் என்றார். ஏன் முதலில் மறுத்தீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான் சாமியிடம் கேட்டேன், என் அக்கா பதில் சொல்லிவிட்டாள் என்றேன். அவர் சிரித்தார். பிறகு, இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்றார். கெட்டதை மோந்து ஒதுக்கினேன் என்றேன். அடுத்த சேர்க்கையில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள். பாங்க் லோன், விசா எல்லாம் இடறாமல் நடந்தன. எல்லாம் அவள் செயல்.

இப்போது விடுமுறைக்கு வந்து, நேர்த்திக்கடன் முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். அங்கேயும் மீன் நாற்றம்தான், எனக்கு ஊர் மாதிரியே இருக்கிறது. வகுப்பில் எல்லோரும் மகள் வயதுப் பிள்ளைகள். முதல் நாள் என்னைப் பார்த்து ஆசிரியை என்று எழுந்து நின்றார்கள். இப்போது பரீட்சை வந்தால் என் அறையில்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள். வேலைக்கு அந்தப் பழைய கம்பெனிக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அக்காவை மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி சிரித்தாள். தட்டில் வைத்தாள். என்னால் ஒரு வாய் இறக்க முடியவில்லை. பொய்யாகச் சாப்பிட்டு நல்லவள் பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை. அம்மன் என்றைக்கு அந்தக் கசப்பை எடுக்கிறாளோ அன்றைக்குச் சாப்பிடுவேன்.

போன வாரம் கார்த்தி வந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. லாரியிலிருந்து நேராக வந்திருப்பான், காது மடலெல்லாம் கரி. வேறு ஒரு ஏஜெண்டு மூலமாக, முகம் தெரியாத ஒரு பெண்ணுக்குக் காகிதப் புருஷனாகப் பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அந்த ஏஜெண்டும் பெண் வீட்டாரும் பணத்தை வாங்கிக்கொண்டு கை விட்டுவிட்டார்கள். இப்போது வீட்டில் பெண் பார்க்கிறார்கள், பதிவில் அவனுக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"நம்ம ரெண்டு பேரையும் ஒட்டின அந்தப் படத்தைப் பாத்தப்ப எனக்கும் கொமட்டிக்கிட்டுத்தான் வந்துச்சு சித்தி. நான் முழுங்கிட்டேன்."

அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். அந்தப் பதிவை ரத்து செய்ய ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறோம், செல்வமணிதான் கூட அலைகிறார். எனக்குக் கொடுத்த அதே பதிலைத்தான் அம்மன் அவனுக்கும் கொடுத்திருக்கிறாள். அவன் அதை அவள் பேச்சு என்று நினைக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். வழி தெரியாமல் நிற்கிறவர்கள் அவளிடம் கேளுங்கள், தைரியமாகக் கேளுங்கள், அவள் கேட்பாள். பதில் பூவாக வரலாம், கனவாக வரலாம். குமட்டலாக வந்தால் மோரைக் குடித்து அடக்காதீர்கள், துப்பிவிடுங்கள். நான் தினமும் அவளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தாயே, எனக்கு எது பழகிப்போனாலும் போகட்டும், இந்த அருவருப்பு மட்டும் பழகிப்போக விடாதே.