தெளிஞ்சாச்சா?

ஒன்பது வயதில் நான் நான்கு நாட்கள் ஒரு கடற்கரை பங்களாவில் ராணி மாதிரி இருந்தேன். அந்தக் கடற்கரை குற்றாலத்துக்கு மேலே மலையில் இருந்தது என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். தென்காசிக்குக் கடல் ஏது? ஆனால் அதைக் கடல் என்று எனக்குக் காட்டியவள் என் சித்தி. அவள் சொன்னால் எனக்கு அது கடல்தான்.

வருஷம் அம்பத்தெட்டோ அம்பத்தொன்பதோ இருக்கும். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாலை வேளைகளில் எஸ்டேட் முதலாளி ஒருவரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். அந்த முதலாளிக்கு மலைமேல் ஏலத்தோட்டமும், வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன ஒரு பங்களாவும் இருந்தன. சாரல் தொடங்கிய ஆனி மாதத்தில், அதில் நாலு நாள் தங்கிக்கொள்ள அப்பா அனுமதி வாங்கினார். எனக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டரையும் அவரே எழுதினார். பொய் சொன்னால் பிரம்பை எடுக்கிறவர் அவர். உல்லாசப் பயணம் என்று வந்துவிட்டால் பெரியவர்களுக்கும் புத்தி இப்படித்தான் போகும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

உண்மையில் நாங்கள் போனது சித்திக்காக. அவள் அம்மாவின் தங்கை, சிவகிரியில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று மாதமாக வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தம் கலங்கிவிட்டது என்று சித்தப்பா அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார். குற்றாலத் தண்ணீர் தலையில் விழுந்தால் கலங்கின சித்தம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பெரிய அருவிக்குக் கூட்டிப்போனால் தென்காசியே ஈரத்துண்டோடு நின்று வேடிக்கை பார்க்கும். அதனால்தான் ஆள் அரவமில்லாத காட்டு பங்களா. தெளிந்தால் சித்தப்பா அழைத்துப்போவார். தெளியாவிட்டால் சித்தி எங்கள் வீட்டோடு இருந்துவிட வேண்டியது, அவர் வேறு பெண் பார்த்துக்கொள்வார் என்று பேச்சு. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜீப்பில் முன்சீட்டு கிடைத்தது மட்டும்தான்.

பங்களாவில் இல்லாதது இல்லை. ஸ்பிரிங் கட்டில், கொசுவலை, ஆள் நீளத்துக்குப் பீங்கான் தொட்டி, அறைக்குள்ளேயே விறகு எரிகிற கணப்பு. செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து மலையாளச் சமையல்காரர் ரொட்டியை வாட்டி ஜாம் தடவி, தட்டுக்குப் பக்கத்தில் முள்கரண்டி வைத்தார். அப்பா அந்தக் கரண்டியை மரியாதையாக நகர்த்தி வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார். நாற்காலி மேசைகளுக்குக் கேட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்தியே பேசினார். கட்டில் முதுகுக்கு ஆகாது என்று தரையில் பாய் விரித்துப் படுத்தார். அம்மாவோ வீட்டிலிருந்தே இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

காலையில் வராந்தாவுக்கு வந்தால் கீழே ஊர் இருக்காது. மஞ்சு என்கிற மூடுபனி நிறைந்து வெள்ளை வெளேரென்று கிடக்கும். புரண்டு புரண்டு படிக்கட்டுவரை வந்து என் பாதத்தை நனைத்துவிட்டு மெல்லப் பின்வாங்கும். மரங்களின் உச்சி மட்டும் அங்கங்கே மிதக்கும். முதல்நாள் காலை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், மூன்று மாதமாகக் கேட்காத குரல் என் காதருகே கேட்டது.

"ஏட்டி, இதுதான் கடல்."

திரும்பினேன். சித்தி உதட்டில் விரலை வைத்தாள்.

"நான் பேசுதேன்னு யாருட்டயும் சொல்லப்பிடாது."

நான் சொல்லவில்லை. அந்த ரகசியத்தை எவ்வளவு நேர்மையாகக் காப்பாற்றினேன் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் அழுகை வருகிறது.

தினமும் அம்மா சித்தியின் தலையில் எண்ணெய் தேய்த்து, பங்களாவுக்குப் பின்னால் பாறையிலிருந்து விழுந்த சிற்றருவியில் நிறுத்துவாள். சித்தியின் முதுகில் காசு காசாகக் கறுத்த தழும்புகள் இருந்தன. அதென்ன என்று கேட்டேன். "அடுப்படியில சுட்டுக்கிட்டா" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யார் சமைப்பார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அருவி விழுந்து தேங்குகிற இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். மழைக்கு அது செந்தண்ணீராக இருந்தது. மண் படிந்து தெளியத் தொடங்கும்போதெல்லாம், அம்மா அந்தப் பக்கம் போனதும், சித்தி ஒரு கம்பை எடுத்து அடிமண் கிளம்பக் கலக்குவாள். என்னிடமும் கம்பைக் கொடுப்பாள்.

"இது கலங்கிக் கெடக்க வரைக்கும் நாம இங்கனயே இருக்கலாம்ட்டி."

ஒரு விளையாட்டுக்கு இதைவிட நல்ல விதி வேண்டுமா? அப்பா வேறு, ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் அம்மாவிடம் வந்து, "தெளிஞ்சாச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல" என்று அம்மா பெருமூச்சு விடுவாள். கலக்கிவிடுவது நாங்கள்தான் என்று தெரியாமல் இந்தத் தண்ணீரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறார்களே என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

நாலாம் நாள் சாரல் விட்டு வெயில் அடித்தது. சித்தப்பா எஸ்டேட் ஜீப்பில் வந்து இறங்கினார். அம்மா உள்ளே சித்திக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள், நான் படியில் இருந்தேன். சித்தப்பாவை எனக்குப் பிடிக்கும். நாலு மங்குஸ்தான் பழத்தை என் மடியில் போட்டுவிட்டு, குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"என்னட்டி, தெளிஞ்சாச்சா?"

நான் அப்போதுதான் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அப்படித் தெளிந்திருந்தது.

"நல்லா தெளிஞ்சிட்டு, சித்தப்பா" என்றேன். அதோடு விட்டேனா? எங்கள் கெட்டிக்காரத்தனத்தையும் சேர்த்துச் சொன்னேன். "இத்தன நாளும் சித்திதான் தெளியவிடாம கலக்கிக்கிட்டே இருந்தா."

அவர் நிமிர்ந்தார். பிறகு சிரித்தார். "அப்படியா சேதி" என்றபடி உள்ளே போனார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "நடிச்சது போதும், பொட்டிய எடு" என்றது மட்டும் கேட்டது. வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். அப்பா கணப்பின் முன்னால் குந்தி, அணைந்த சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். அம்மா சித்தியின் ஈரத்தலையைப் பின்னத் தொடங்கினாள். பாதி பின்னி அவிழ்த்தாள். மறுபடி பின்னி, மறுபடி அவிழ்த்தாள். கடைசியில் சித்திதான் வாயைத் திறந்தாள்.

"போதும்க்கா, விடு."

தங்கை பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில்தான் அம்மா அப்படி அழுகிறாள் என்று நினைத்தேன்.

பெட்டியோடு படியிறங்கிய சித்தி என்னிடம் வந்து நின்றாள். "தண்ணி தெளிஞ்சிட்டுன்னு நான்தான் சித்தப்பாட்ட சொன்னேன்" என்றேன் பெருமையாக. அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று இத்தனை வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. என் கன்னத்தைத் தடவி, "ஏட்டி கோட்டிக்காரி" என்றாள். எங்கள் பக்கத்தில் பைத்தியத்தைக் கோட்டி என்போம். ஆசை மிகுந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஜீப் கிளம்பியது. எனக்கு அப்போதுதான் விளையாட்டின் விதி ஞாபகம் வந்தது. பழத்தைப் போட்டுவிட்டு அருவிக்கு ஓடி, கம்பை எடுத்துக் கலக்கினேன். கடைசி வளைவில் ஜீப்பின் சத்தம் அடங்குகிறவரை, அடிமண் முழுக்கக் கிளம்பி ஒரு கல்கூடத் தெரியாதபடி கலக்கினேன். பிறகு வந்து படியில் உட்கார்ந்தேன். கீழே மஞ்சு ஏறத் தொடங்கியிருந்தது. இனி சித்தி திரும்பி வந்துவிடுவாள் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.