வெள்ளைக் காரில் ஒரு குங்குமப் பொட்டு

போன தசரா சமயம். மைசூரு அக்ரஹாரத்தில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. எங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இருப்பது வேலைக்குப் போய்வர ஒரு பழைய ஸ்கூட்டர். கார் ஓட்டவே தெரியாது. அது என் மைத்துனருடையது, அதாவது என் மனைவியின் தம்பியுடையது. அவருக்குப் பெங்களூரில் வேலை. ஆபீஸ் விஷயமாக வெளிநாடு போக வேண்டியிருந்தது. மழை பிடித்துக்கொண்டால் அவருடைய அபார்ட்மெண்டின் அடித்தள பார்க்கிங்கில் தண்ணீர் புகுந்துவிடுமாம். அதனால் காரை எங்கள் வாசலில் நிறுத்தி, உறை போட்டு மூடிவிட்டு, இங்கிருந்தே ஏர்போர்ட் பஸ் பிடித்துப் போய்விட்டார்.

என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் இருக்கிறது. தம்பி புது வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது, கூடப் பிறந்த அக்காவை நேரில் வந்து அழைக்காமல் போனில் பத்திரிகை அனுப்பினார். இவள் போகவில்லை. அவ்வளவுதான், பேச்சு நின்றது. சில வருஷம் கழித்து ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில்தான் மறுபடி முகம் கொடுத்துப் பேசினார்கள். அதுவும் என்ன பேச்சு? 'வாங்க, இருங்க, சாப்பிட்டீங்களா' என்று பெண் பார்க்க வந்தவர்கள் பேசுவது போல. சொந்த ஊரான ராமாபுரத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அந்தத் தம்பி நம்மை நம்பி வண்டியை விட்டுப் போயிருக்கிறாரே என்று இவள் தினமும் அந்த உறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பார்த்தவள் சும்மா இருந்திருக்கலாம். ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்றைக்குப் பூஜை போடாத சக்கரம் கிடையாது. குழந்தைகளின் மூன்று சக்கர வண்டிக்குக்கூட மாலை விழும். நான் ஸ்கூட்டரைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தால், இவள் கார் உறையை உருவிக்கொண்டிருக்கிறாள். வேண்டாம், அடுத்தவர் வண்டி என்றேன். தம்பி எப்போது எனக்கு அடுத்தவன் ஆனான் என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டாள். முன்பக்கத்து மூடியில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் அப்பினாள். சாமந்தி மாலை போட்டாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி எடுத்தாள். பூசணிக்காயை உடைக்கும் வேலை மட்டும் எனக்கு. அதற்குள் அடைத்த குங்குமமும் தெறித்து மேலே விழுந்தது.

சரி, துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். பூஜை போட்ட அன்றைக்கே பொட்டை அழிக்கக் கூடாதாம். மறுநாள் விஜயதசமி, அன்றைக்கும் கூடாதாம், சாயங்காலம் தீபம் ஏற்றிய பிறகுதானாம். இரண்டு நாளும் பல்லைக் காட்டிக்கொண்டு வெயில் அடித்தது. விஜயதசமி சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்தால் மேலாக இருந்த பொடி மட்டும் வந்தது. அடியில் ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். மைத்துனர் மறுநாள் மத்தியானம் வருகிறார்.

அப்புறம் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. தண்ணீர் அடித்துக் கழுவும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோகலாம் என்றால் எனக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்தாலும் போக முடியாது, ஜம்பூ சவாரி என்கிற யானை ஊர்வலத்துக்காகப் பாதி ரோடு அடைப்பு. கடைக்காரருக்குப் போன் போட்டால், கறை பெயிண்டில் இறங்கியிருக்கும், மெஷின் வைத்துப் பாலிஷ் போட வேண்டும், தசரா கூட்டம் கலைந்த பிறகு வாருங்கள் என்று வைத்துவிட்டார்.

ஆனால் தெருவில் யோசனைக்குப் பஞ்சமா? எதிர்வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் என்றார். தேய்த்தேன். வட்டம் பளபளப்பாக ஆனதுதான் மிச்சம். பூக்கடைக்காரர் எலுமிச்சம்பழம் என்றார். வீட்டுக்கார அம்மா மாடியில் நின்றபடியே, பல்பொடி வேண்டாம், பேஸ்ட்டே போடுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். அதையும் போட்டேன். வீட்டில் எல்லோரும் பல் தேய்க்கும் பேஸ்ட் மொத்தமும் அந்த வண்டிக்கே தீர்ந்தது. ஒருவராவது வந்து ஒரு கை தேய்க்க வேண்டுமே! எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, 'ஏனு ஆகல்லா சார்', ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தைரியம் சொன்னார்கள். மறுநாள் காலையில் ஆத்திரம் தலைக்கேறி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து ஓங்கித் தேய்த்தேன். கறை மங்கியது. கூடவே பெயிண்டின் பளபளப்பும் போய், முறம் அளவுக்கு ஒரு இடம் முழுக்கக் கீறல் கீறலாக வெளுத்துவிட்டது.

என் மனைவி அதைப் பார்த்து என்னைத் திட்டக்கூட இல்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, என்ற தம்பி இனிமே இந்த வாசப்படி ஏறுவானுங்களா?" என்று கேட்டாள்.  சத்தமில்லாமல் உறையைப் போட்டு மூடினேன்.

மத்தியானம் மைத்துனர் வந்தார். "நல்லா இருக்கீங்களாக்கா" என்றார். "வாங்க தம்பி" என்றாள் இவள். முதலில் சாப்பிடட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். அவரோ நேராகப் போய் உறையை உருவினார். வெளுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"ஏனக்கா, என்ன பண்ணி வெச்சிருக்கறே? உனக்கு அறிவிருக்குதா?"

குங்குமம்தான் அவள் வைத்தது, கீறல் நான் போட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். யார் கேட்டார்கள்? காலையிலிருந்து மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து இடுப்பில் கையை வைத்தாள்.

"நீ நல்லா இருக்கோணும்னு பூஜை போட்டேன்டா. உன்ற ஊட்டுக்கு வந்து பொட்டு வெக்கத்தான் என்னைக் கூப்பிடல. வண்டிக்காச்சும் வெச்சேன்."

போனில் அனுப்பினேனே என்று அவர் கத்தினார். போனில் அனுப்புவது அழைப்பா என்று இவள் கத்தினாள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கு மானம் போனது. உள்ளே வந்து பேசுங்கள் என்று இரண்டு பேரையும் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினேன். அப்போதுதான் மைத்துனரின் குரல் உடைந்தது.

"கடைசி நிமிஷம் வரைக்கும் வாசல்லயே நின்னேன், நீ வருவேன்னு. எதிர் ஃபிளாட்டு அம்மாதான் ஆரத்தி எடுத்தாங்க. அக்கா எங்கேன்னு எல்லாருங் கேட்டாங்க."

என் மனைவி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.  பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் காரைப் பார்த்தபடியே அழுதார். இத்தனை வருஷமாக ஒருவரை ஒருவர் கேட்காமல் வைத்திருந்தது அவ்வளவும் அன்றைக்கு என் வீட்டு வாசலில் வந்து விழுந்தது.

அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சாம்பாரில் உப்புக் கம்மி என்றார் தம்பி. உனக்கு எப்பவுமே நாக்கு நீளம் என்றாள் அக்கா. பழைய கதை பேசிச் சிரித்து, சட்டியை வழித்துத் தின்றார்கள். எலுமிச்சையும் எண்ணெயும் நாறும் கையோடு நின்ற என்னைச் சாப்பிடக் கூப்பிட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் யாராவது ஒருவருக்கொருவர் அளவுக்கு மிஞ்சி மரியாதையாகப் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பக்கென்று இருக்கிறது. நன்றாகச் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தால், இவர்கள் விட்டுப் போக மாட்டார்கள் என்று தைரியமாக உலை வைக்கச் சொல்லிவிடுகிறேன்.