முதல் ட்ரிப்பில் மிஸ்திரி

மனநலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன் என்பது போர்ட் பிளேரில் ஊரறிந்த விஷயம். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் இருப்பேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிற குடும்பங்களைப் பிடித்து உட்கார வைத்து, மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள், மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனால்தான் குணமாகும் என்று கப்பல் டிக்கெட்டுக்கு அலையாதீர்கள் என்று சொல்வேன். மீதி நாட்களில் பத்துபஸ்தி, வண்டூர் என்று போய்க் கூட்டம் போடுவேன். கூட்டம் என்று நான்தான் சொல்கிறேன். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்களாக இருப்பார்கள்.

இந்த வேலைக்கு எனக்கிருக்கும் ஒரே தகுதி, அதே பெஞ்சில் ஒரு காலத்தில் நோயாளியாக உட்கார்ந்திருந்தது. தூக்கம் போய், பேச்சு பெருகி, டாலிகஞ்ச் கடைகளின் முன்னால் நின்று அந்தமானிலிருந்து சென்னைக்குப் பாலம் கட்டப்போகிறேன் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். "மாத்திரையில பாலம் போயிருச்சு, பேச்சுதான் போகல" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பு இல்லை.

பேச்சு உச்சத்துக்குப் போகும்போது நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "என்னைப் பாருங்க! என்னை நம்புறீங்கல்ல? அப்ப அவங்களையும் நம்புங்க!" என்பேன். கை தட்டல் விழும். நோயாளிகளை நீங்க, வாங்க என்று மரியாதையாகப் பேசுங்கள் என்பதும் என் பாடங்களில் ஒன்று. வார்டில் யாராவது வா, போ என்று பேசினால் அங்கேயே நின்று திருத்துவேன். என்னைத் தூரத்தில் பார்த்தாலே வார்டு ஊழியர்கள் வேறு வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவார்கள். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

வண்டூரில் டூரிஸ்டுகளைத் தீவுகளுக்கு ஏற்றிப்போகும் போட் ஒன்றின் டிரைவர் என் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது இங்கேதான். போன சீசனில் ஒருநாள் நடுக்கடலில், ஆட்கள் நிறைந்த போட்டில், என்ஜினை அணைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டூரிஸ்டுகள் முதலில் போட்டோ எடுத்தார்கள், அப்புறம் அழுதார்கள். வேறொரு போட் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருக்கு வேலை போய்விட்டது.

வைத்தியம் பலித்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டார், தூங்கினார், டாக்டரும் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஓனர்தான் எடுக்க மாட்டேன் என்றார். வேறு யாரும் எடுக்கவில்லை. வண்டூர் சின்ன இடம், அந்தக் கதை போட் கட்டும் எல்லா ஜெட்டியையும் எட்டியிருந்தது. அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தூரத்தில் போகும் போட்களின் சத்தத்தை வைத்து எந்த போட், எந்த என்ஜின் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டு, ஓனரிடம் நானே பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மழை விட்டுச் சீசன் தொடங்கும் நேரம். ஓனர் ஜெட்டியில் நின்று போட்டுக்குப் பெயின்ட் அடிப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் முழுப் பேச்சையும் இறக்கினேன். சர்க்கரை வியாதிபோல இதுவும் ஒரு வியாதிதான் என்றேன், நெஞ்சைத் தட்டினேன், என்னைப் பாருங்கள் என்றேன். டிரைவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெயின்ட் அடிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஓனர் பொறுமையாகக் கேட்டு முடித்தார். "அரே சார், நீங்க சொல்றதெல்லாம் சஹி. ஆனா என் போட்ல குழந்தை குட்டியோட ஆளுங்க ஏறுறாங்க. நடுக்கடல்ல இவனுக்கு மண்டைக்குள்ள திமாக் திரும்பிச்சுன்னா யாரு பொறுப்பு, ஜிம்மேதாரி நீங்களா?"

"நான்தான்!" என்றேன். யோசிக்காமல் வந்த வார்த்தை.

"போதும். அப்ப ஏறுங்க" என்றார் அவர்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் விளக்கினார். அவர் போட்டில் என்ஜினைப் பிரித்து மாட்டினால், முதல் ட்ரிப்பில் பயணிகளை ஏற்ற மாட்டார். ரிப்பேர் பார்த்த மிஸ்திரி தன்னந்தனியாக உட்கார்ந்து போய்வர வேண்டும். திரும்பி வந்தால்தான் கூலி. "ரிப்பேர் பண்ணுனது நீங்கதானே சார்? மிஸ்திரி ஏறணும்ல?"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் இந்தத் தீவில் பிறந்தவன், ஆனால் கடல் எனக்கு ஆகாது. போட் கட்டியிருக்கும்போதே எனக்குக் குமட்டும். நீச்சல் தெரியாது. மெயின்லேண்டுக்குக் கப்பலில் போனால், ஏறியதிலிருந்து இறங்கும்வரை படுத்தே கிடப்பேன். சுற்றிலும் தண்ணீர் உள்ள ஊரில் ஐம்பது வயதுவரை இதை மறைத்து வாழ்ந்ததே ஒரு சாதனை. இப்போது ஜெட்டியில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டிரைவரும் பார்த்தார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ் இருக்கிறது என்றேன். வெயில் ஏறிவிட்டதே என்றேன். ஓனர் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. டிரைவரின் முகம் மெல்லச் சுருங்கியதைப் பார்த்தேன். லைஃப் ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். தலைகீழாக மாட்டியிருந்தேன். டிரைவர்தான் கழற்றிச் சரியாக மாட்டி, வாரை இழுத்துக் கட்டிவிட்டார்.

போட்டில் அவரும் நானும் மட்டும். ஜெட்டியை விட்டு விலகியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், தோள் விரிந்தது, ஆளே மாறிவிட்டார். நானும் மாறிக்கொண்டிருந்தேன், வேறு விதமாக. அலை ஒவ்வொன்றுக்கும் காலை இட்லி மேலே வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. கொஞ்ச தூரத்தில் அது திரும்பிப் போக மறுத்தது. விளிம்பில் கவிழ்ந்து வாந்தி எடுத்தேன், பாதி சட்டையிலும் விழுந்தது.

அப்போது என்ஜின் நின்றது.

அந்த அமைதியை என்னால் மறக்க முடியாது. தண்ணீர் போட்டின் பக்கவாட்டில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் டிரைவர் எழுந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் இத்தனை வருடம் பேசிய பேச்சில் ஒரு சொல்கூட அந்த நேரத்தில் என்னிடம் இல்லை.

"டேய்! ஏன்டா நிறுத்தின? ஸ்டார்ட் பண்ணுடா!" என்று கத்தினேன். ஜெட்டிப் பக்கம் திரும்பி இரண்டு கையையும் ஆட்டினேன்.

அவர் என் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்து என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்தார். "ரொம்ப வெளிய சாஞ்சுட்டீங்க சார். ஓட்டிக்கிட்டே பிடிக்க முடியாது, அதான் நிறுத்தினேன்" என்றார். பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார். வாய் கொப்பளித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் போய் என்ஜினை இழுத்தார். அது ஒரே இழுப்பில் கிளம்பியது. போட்டைத் திருப்பி, அலையை வெட்டாமல் மெதுவாகக் கொண்டுவந்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜெட்டியில் ஓனர் காத்திருந்தார். "போட் ஏன் நின்னுச்சு?"

"நான் வாந்தி எடுத்தேன். விழுந்துருவேன்னு நிறுத்தினாரு."

"கத்துனது யாரு?"

ஒன்றுமில்லை, சும்மா கூப்பிட்டேன் என்று நான் மழுப்பியிருந்தால் ஓனர் டிரைவரைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். "நான்தான். பயந்துட்டேன்" என்றேன். என் வாழ்க்கையிலேயே மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

ஓனர் என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "கஸ்டமர் கத்துவான் சார், அது அவன் வேலை. கஸ்டமர் விழப்போனா என்ஜினை நிறுத்துறதுதான் டிரைவர் வேலை." டிரைவரிடம் திரும்பி, "நாளைக்குக் காலையில வந்துரு. ஃபர்ஸ்ட் ட்ரிப் உனக்கு" என்றார். பிறகு பெயின்ட் அடிப்பவர்களிடம், "இந்த ஆளு டீக் ஹை, நல்லாத்தான் இருக்கான். இந்த மிஸ்திரியைத்தான் யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

டிரைவர் என்னைப் பஸ் ஸ்டாப்வரை கொண்டுவந்து விட்டார். அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. என்ஜினை நிறுத்துனப்ப நீங்க கடலுக்குப் பயந்தீங்களா, எனக்குப் பயந்தீங்களா?"

கடலுக்கு என்று சொல்லிவிடலாம். சாட்சி என் சட்டையிலேயே இருந்தது, அவரும் நம்பியிருப்பார். அவர் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

அவர் தலையாட்டினார்.

"எனக்கும் அதே ரெண்டு பயம்தான் சார். என்ஜினை அணைச்சதும் அன்னைக்கு மாதிரியே உக்காந்துருவேனோன்னு கை நடுங்குச்சு. நீங்க கவுந்து கிடந்தீங்க, பாக்கல." பஸ் வருவதைப் பார்த்து எழுந்தார். "நாளைக்கும் நடுங்கும். போயிட்டு வந்துருவேன்."