கொடிக்கால் கிணற்றின் புள்ளி

கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனையின் முடிவுகள் எல்லாம் ஒரே டேட்டாபேஸ் ஃபைலில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தன. தேனியில் ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன சர்வே அலுவலகம் அது. ஃபைலை வரைபட மென்பொருளோடு இணைத்து, குடிக்க ஆகாத கிணறுகளைச் சிவப்புப் புள்ளிகளாகக் காட்ட வேண்டும். சிவப்பு எங்கே விழுகிறதோ அந்தப் பக்கம்தான் குடிநீர்க் குழாய் முதலில் போகும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். மற்றவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்ட ஃபைல் என் மேசைக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான்.

என் அம்மா மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலை பார்க்கிறாள். பகல் முழுக்க அங்கிருக்கும் கிணற்றுத் தண்ணீர்தான் குடிப்பாள். கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது என்ற டாக்டர் அடுத்துக் கேட்டது, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றுதான்.

ஃபைல் பழையது. அதைப் படிக்கும் டிரைவர் என் கணினியில் இல்லாததால் மென்பொருள் திறக்க மறுத்தது. டிரைவரைத் தேடி நிறுவி, இணைப்புக்கு ஒரு பெயர் வைத்து, அட்சரேகை எந்தப் பத்தியில், தீர்க்கரேகை எந்தப் பத்தியில் என்று காட்டினேன். பள்ளத்தாக்கு முழுக்கப் புள்ளிகள் விழுந்தன. அம்மாவின் கொடிக்கால் கிணற்றைத் தேடினேன். சிவப்புதான். ஆனால் கொடிக்காலில் இல்லை. தார் ரோட்டைத் தாண்டி, யாருமில்லாத தரிசில் கிடந்தது. வேறு சில கொடிக்கால் கிணறுகளும் ரோட்டின் மேலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

மேனேஜர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, ரோட்டுக்கு நடுவுல கெணறு வெட்டிருக்காக?"

அந்தப் பகுதியில் கிணறுகளின் இடத்தைப் போனில் அளவெடுத்த அக்காவைக் கூப்பிட்டேன்.

"அன்னைக்கு நான் தூரம்டி. கொடிக்காலுக்குள்ள எப்படிப் போக? ரோட்டுலயும் அந்தாண்டத் தரிசுலயும் நின்னே எடுத்துட்டேன். தண்ணிய உங்க அம்மாதான் மோந்தாந்து குடுத்தாக. பாவம், காலு நடக்கவே மாட்டேங்குது அவுகளுக்கு."

செருப்போடும் மாதவிலக்கு நாளிலும் கொடிக்காலுக்குள் யாரும் கால் வைப்பதில்லை; வைத்தால் கொடி அழுகிவிடும் என்பார்கள். கிணறுகள் ரோட்டுக்கு வந்த கதை அதுதான்.

"மவுசால இழுத்து உள்ள போட்டுட்டுப் போம்மா. நாளைக்கு மேப்பக் குடுக்கணும்" என்றார் மேனேஜர்.

எங்கே இழுத்து வைப்பது? செயற்கைக்கோள் படத்தில் அகத்தி மரங்களும் வாழையும் மூடி, ஒரே பச்சை. கிணறு தெரியவில்லை. குத்துமதிப்பாக வைத்த புள்ளியை நான் இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. போய் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினேன்.

எனக்கும் அன்று அதே நாள்தான். ஒரே வீட்டில் இருக்கும் அம்மாவிடம் அதை எப்படி மறைப்பது? வேலி வாசலிலேயே மறித்தாள்.

"ஏத்தா, அங்கனயே நில்லு."

"ஒரு நிமிசம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல. நாளைக்கு ஒரு கொடி வாடுனாலும் மொதலாளி என்னையத்தான் கேப்பாக."

"இதையெல்லாம் நீ நம்புறியா?"

"நான் நம்புனா என்ன, நம்பாட்டி என்ன? அவுக நம்புறாக."

அவள் கையை நீட்டினாள். "போனக் குடு. ஒன்னயப் படிக்க வச்சவளுக்கு ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதாக்கும்?"

அந்தக் கிணறு சிவப்பில் வந்திருக்கிறது, குடிக்காதே என்று சொல்லிவிட்டு, கிணற்றின் இடத்தைப் போனில் பதிய எங்கே அமுக்க வேண்டும், கூடவே ஒரு படம் எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். வீங்கிய காலை அகட்டி அகட்டி வைத்து உள்ளே போனாள். இலைகள் மூடிக்கொண்டன.

"வானத்தப் பாக்கப் பிடிம்மா! கெணத்து ஓரத்துல நிக்காத!"

"கத்தாதடி, கொடிக்காலே அதுருது!" என்று பச்சைக்குள்ளிருந்து குரல் வந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். போனைச் சேலையில் துடைத்துக் கொடுத்தாள். அவள் மாராப்பு நனைந்திருந்தது. வாயோரத்திலும் ஈரம்.

"குடிச்சியாம்மா?"

"நடந்தது தாகமா இருந்துச்சு."

"செவப்புன்னு இப்பத்தான சொன்னேன்!"

"செவப்பெல்லாம் ஒன் கம்ப்யூட்டர்லதான். இங்கன தெளிஞ்சுதான் கெடக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் வண்டியை எடுக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்து ஃபைலில் எண்களை மாற்றி, அம்மா எடுத்த படத்தையும் அந்தப் புள்ளியோடு சேர்த்தேன். இணைப்பு உயிரோடு இருந்ததால் வரைபடத்தைப் புதுப்பித்ததும் புள்ளி ரோட்டைத் தாண்டிப் பச்சைக்குள் போய் உட்கார்ந்தது. படத்தைத் திறந்த மேனேஜர், "கெணத்தவே காணோமே, வெறும் காலுதான் தெரியுது" என்றார். இருக்கட்டும் சார், அளவு சரியாக இருக்கிறது என்றேன். மற்ற கொடிக்கால் கிணறுகளுக்குக் கீழே, 'இடம் சரிபார்க்கவில்லை' என்று எழுதி மேப்பைக் கொடுத்தேன். குடிநீர்த் திட்டக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

குழாய் இன்னும் வரவில்லை. காலையில் அம்மாவிடம் பாட்டிலில் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறேன். அந்த வெயிலுக்கு அது மத்தியானம்வரைகூடக் காணாது. வேலையை விடு என்றால், உன் சம்பளத்தில் மருந்து வாங்குவாயா அரிசி வாங்குவாயா என்று கேட்கிறாள்.

அந்தச் சிவப்புப் புள்ளியைத் தொட்டால் இன்றும் அந்தப் படம் திறக்கும். ஈரக் கல், அதன்மேல் அம்மாவின் இரண்டு பாதங்கள், வீங்கிய விரலுக்குள் புதைந்துபோன மெட்டி.